நான் வைத்திருந்த எண்ணிக்கை

எங்கள் மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்தபோது முதுகு வலிக்காகச் சாப்பிட ஆரம்பித்த மாத்திரையை, வலி போன பிறகும் அவரால் விட முடியவில்லை. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்த என் மகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தொடர்ந்து தொண்ணூறு நாள் மாத்திரையைத் தொடாமல் இருந்தால்தான் தவளக்குப்பம் வீட்டுக்குத் திரும்புவேன் என்றும் சொல்லிவிட்டாள். நாள் கணக்கை நான் எடுத்துக்கொண்டேன். மில்லின் டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருடம் ஆட்களின் வருகையை எழுதியவன் நான்.

வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் தினமும் மாலை ஆறரைக்கு ஒரு குழு கூடும். எல்லாரும் ஏதோ ஒரு போதையை விட்டவர்கள், அல்லது விடப் பார்ப்பவர்கள். டாக்டர் கிடையாது. ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள், அவ்வளவுதான். மாப்பிள்ளையை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு நான் வெளியே நிற்பேன். வாசலில் பதினான்கு ஜோடி செருப்பு இருக்கும். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வரும், ஒருநாள் ஒன்பது தடவை. இவ்வளவு கஷ்டப்பட்டவர்கள் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்தக் குழுவில் ஒரு மீனவர், ஐம்பது வயதிருக்கும். "பெரியவரே, டெய்லி செருப்ப எண்றீங்க. ஒண்ணு கொறஞ்சா எங்க தலையிலதான் விடியும் போல" என்பார்.

மாதக் கடைசி ஞாயிறன்று வீட்டாரும் உள்ளே வரலாம். நான் போனேன். குறுக்கே பேசக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது என்று முதலிலேயே சொன்னார்கள். ஒவ்வொருவரும் தான் விட்டு எத்தனை நாள் என்று சொல்ல, மற்றவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் பதினோரு வருடம் என்றார். அடுத்தவர் இரண்டு நாள் என்றார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு கைதட்டல். நான் காது கொடுத்துக் கேட்டேன், வித்தியாசமே இல்லை.

மாப்பிள்ளையின் முறை வந்தது. அவர் தயங்கினார். மறந்துவிட்டார் என்று நினைத்து, "எழுபத்தொன்று" என்று நானே சொன்னேன்.

"இல்ல மாமா," என்றார். "நாலு."

அதற்கும் கை தட்டினார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன், "யாருக்குத் தெரியும்?"

"இங்க எல்லாருக்கும். மாத்திர போட்ட அன்னிக்கே இவருக்குப் போன் பண்ணிட்டேன்." கூடவே வெளியே வந்த மீனவரைக் காட்டினார்.

"நீங்க வீட்ல விட்டுட்டுப் போனப்புறம், நடுராத்திரி வரைக்கும் என்கூடத்தான் இருந்தாரு," என்றார் மீனவர். "வலை பிரிக்க வச்சேன். இருந்த சிக்கல விட இவரு போட்டதுதான் ஜாஸ்தி."

"என்கிட்ட ஏன் சொல்லல மாப்ள?"

"மறுநாள் சொல்லிடலாம்னுதான் வந்தேன். வண்டியில ஏர்றதுக்குள்ள அறுபத்தெட்டுன்னீங்க. அப்புறம் வாய் வரல."

நான் மீனவரைப் பார்த்தேன். "நீங்க திட்டலயா?"

"என்னத்த திட்டுறது? நானே ஆறு தடவ மறுபடியும் ஒண்ணுலேர்ந்து கணக்கு வச்சவன். போன் பண்ணாம இருந்திருந்தா திட்டியிருப்பேன்."

இரண்டு மாதப் பழக்கமுள்ள ஒருவரிடம் சொல்ல முடிந்தது, தினமும் கூட்டி வருகிற என்னிடம் முடியவில்லை. வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். நான் ஒருநாளும் ஒன்றிலிருந்து மறுபடி வைத்ததில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மகளிடம் எப்படிச் சொல்வது என்ற பயம் வேறு எனக்கு. நானே சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மாமா. நான்தான் சொல்லணும்" என்றார். வழக்கமாகத் தவளக்குப்பத்தில் இறங்கிக்கொள்பவர், அன்று எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார்.

மகள் கதவைத் திறந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டார். போட்டது எத்தனை மாத்திரை, வாங்கியது எங்கே, இன்றைக்கு நாலாவது நாள் என்பது வரை.

அவள் அழவில்லை. கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். தொண்ணூறு என்ன ஆகும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

"அன்னிக்கி யார் கூட இருந்தீங்க?"

மீனவரைப் பற்றிச் சொன்னார்.

"அவர் நம்பர் எனக்கும் குடுங்க."

"அவர ஒரு வார்த்த கேட்டுட்டுத் தரேன்," என்றார் மாப்பிள்ளை. குழுவில் அப்படித்தான் வழக்கமாம்.

"அப்ப இப்பவே கேளுங்க," என்றாள். அவர் போன் செய்து முடிக்கும் வரை அவள் கதவைச் சாத்தவில்லை.