கூனன்பாறையில் கைமாறிய துண்டு

வெங்கடகிருஷ்ணனின் தொப்பையைப் பற்றி இதில் வருவது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அவர் மனைவி பாகீரதியின் நாக்கைப் பற்றி வருவது குறைவு. மற்றதெல்லாம் அப்படியே நடந்தது. நம்பாதவர்கள் விதுரா பஸ் ஏறி, அங்கிருந்து கூனன்பாறைக்கு நடந்து, மூங்கில் வளைவில் கூட்டத்தை முன்னே விட்டுவிட்டுத் தனியாக நின்று பார்க்கட்டும். பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

இரண்டாயிரத்து இரண்டு, ஐப்பசி மாதம். பட்டப்பகல். பேய் என்றால் அமாவாசை இருட்டும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

ஆடிட் ஆபீசிலிருந்து ரிடயரான மறுமாதமே சர்க்கரை ஏறியிருப்பதாகச் சொல்லி, வெங்கடகிருஷ்ணனை டாக்டர் நடக்கச் சொன்னார். கோயிலைச் சுற்றி நாலு தெரு நடந்திருந்தால் போதும். ஆனால் அவர் கிழக்கேகோட்டையில் ஒரு நடைச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு முதல் பஸ்ஸைப் பிடித்து, ஏதாவது ஒரு மலையை ஏறி இறங்கி, இருட்டுவதற்குள் ஊர் திரும்பும் முரட்டுக் கூட்டம் அது. மார்கழியில் சங்கம் போகும் பெரிய ஏற்றத்துக்குத் தானும் போவதாக, குடியிருந்த வலியசாலை முழுக்கச் சொல்லியும் வைத்தார். பால்காரருக்குச் சொன்னார். இஸ்திரிக்காரருக்குச் சொன்னார். தபால் பெட்டிக்குத்தான் சொல்லவில்லை.

சங்கத்துக்குத் தலைவர் தாணுமாலையன். சுசீந்திரத்துக்காரர். ரோடு போடும் இலாகாவில் என்ஜினியராக இருந்தவர். மற்றவர்கள் பாதி மலையில் நாக்குத் தள்ளி நிற்கும்போது, அவர் உச்சியில் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பார்.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. ஏறும்போது கடைசியாக வருகிறவன் கழுத்தில் சிவப்புத் துண்டு கிடக்க வேண்டும். அவனுக்குப் பின்னால் ஆளில்லை என்பதற்கு அது அடையாளம். வழியில் அவன் யாரையாவது முந்தினால், துண்டைக் கழற்றி அந்த ஆளின் கழுத்தில் போட்டுவிடலாம். போட்டால் மறுக்கக் கூடாது. மூன்று நடையில் துண்டோடு உச்சிக்கு வந்தவன் சங்கத்தை விட்டுப் போக வேண்டியதுதான்.

வெங்கடகிருஷ்ணன் ஏற்கெனவே இரண்டு நடையில் துண்டோடு போய்ச் சேர்ந்தவர்.

"ஏன்னா, சிவப்பு உங்களுக்கு நன்னாத்தான் இருக்கு. பேசாம வேஷ்டியும் அதே கலர்ல எடுத்துடலாமே" என்று அன்று காலை சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போதே பாகீரதி சொல்லியிருந்தாள். அந்தக் கோபத்தோடுதான் பஸ் ஏறினார். ஜன்னலோர இருக்கை கிடைக்காத கோபம் அதோடு சேர்ந்தது. விதுராவில் இறங்கியதும் புது ஷூ குதிகாலைக் கடித்தது. காட்டுக்குள் நுழைந்த பிறகு அட்டைகள். உப்பைத் துணியில் கட்டித் தேய்த்தும் விடவில்லை. ஒரு அட்டையைப் பிடுங்கி எறிவதற்குள் நாலு அட்டை ஏறின. தொப்பையின் மேலேயே ஒன்று ஊர்வலம் போனது.

மூங்கில் காட்டுக்குக் கொஞ்சம் முன்னால் திரவியம் அவரை முந்தினார். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், சங்கத்தில் பழைய ஆள். அதுவரை துண்டு அவர் கழுத்தில் கிடந்தது. "மன்னிச்சிருங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே அதை வெங்கடகிருஷ்ணன் கழுத்தில் போட்டுவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

மூன்றாவது தடவை. உச்சிக்குப் போனால் தாணுமாலையன் எல்லோர் முன்னாலும் சிரிப்பார். ஊரில் இஸ்திரிக்காரன் சிரிப்பான். வீட்டில் சிரிப்புக்குக் குறைவே இல்லை. வெங்கடகிருஷ்ணன் நின்று, தாணுமாலையனையும் அவர் பரம்பரையையும் அந்த மலையை அங்கே கொண்டுவந்து வைத்தவனையும் வாய்விட்டுத் திட்டினார். திட்டி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் கேட்டது.

சரக்...

பின்னால். சருகில் கால் வைக்கும் சத்தம்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி, சரக்... இரண்டு காலால் நடந்தால் இரண்டு சத்தம் வர வேண்டும். இது ஒன்றுதான் வந்தது. இன்னொரு கால் சத்தமில்லாமல் விழுந்தது.

பனி இறங்கி, மூங்கில்கள் பாதிக்கு மேல் தெரியவில்லை. வளைவில் ஒரு ஆள் ஏறி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காக்கி டவுசர், வெள்ளைச் சட்டை. தலை நனைந்து ஒட்டியிருந்தது. மழை பெய்யவில்லை. வலது காலில் பழைய கான்வாஸ் ஷூ. இடது கால் வெறுங்கால்.

"நீர் நம்ம சங்கமா?"

"ஆமா அண்ணாச்சி."

"பஸ்ல பாக்கலையே ஓய்."

"நான் முன்னாடியே வந்துட்டேன்."

"முன்னாடி வந்தவர் பின்னாடி எப்படி இருக்கீர்?"

அந்த ஆள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெங்கடகிருஷ்ணன் அவர் வெறுங்காலைப் பார்த்தார். ஒரு அட்டைகூட இல்லை. தன்னை மட்டும் விருந்துக்கு அழைத்த அட்டைகளின் மேல் அவருக்குக் கோபம்தான் வந்தது. அப்போது வேறெதுவும் தோன்றவில்லை.

அடுத்த நொடிதான் புத்தியில் உறைத்தது. பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். அப்படியானால் தான் கடைசி இல்லை.

துண்டைக் கழற்றினார். அந்த ஆள் கழுத்தில் போட்டார். விரல் பட்ட இடம் ஆற்றுக் கல்லைப் போலச் சில்லென்றிருந்தது.

"எனக்கு இது மூணாவது தடவை, அண்ணாச்சி" என்றார் அந்த ஆள்.

"எனக்கும்தான். சட்டம் சட்டம்தான் ஓய்" என்று சொல்லித் திரும்பி நடந்தார். வெற்றி நடை.

சரக்...

பின்னால் வந்தது. சரி, வரட்டும்.

சரக்... சரக்...

தன் மூச்சு அவருக்கே கொல்லன் துருத்தி போலக் கேட்டது. பின்னால் மூச்சுச் சத்தமே இல்லை. இந்த ஏற்றத்தில்.

நடையைக் கூட்டினார்.

சத்தமும் கூட்டியது.

"தலைவர்ட்ட சொல்லுங்க அண்ணாச்சி..." குரல் பிடரிக்குப் பக்கத்தில். "நான் வந்துகிட்டே இருக்கேன்னு."

திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை.

ஓடினார். அந்தத் தொப்பையோடு.

உச்சிப் பாறையில் வெயில் அடித்தது. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாணுமாலையன் தலையைத் தூக்கி அவர் கழுத்தைப் பார்த்தார்.

"துண்டு எங்க சாமி?"

"பின்னாடி வர்றவர் கழுத்துல."

தாணுமாலையன் பாறையை ஒரு சுற்றுப் பார்த்தார். வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். சிரித்தார். பின்னால் யாரும் கிடையாது, மூன்றாவது தடவைக்குப் பயந்து கதை விட வேண்டாம் என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

ஓடி வந்த பயமெல்லாம் வெங்கடகிருஷ்ணனுக்குக் கோபமாக மாறியது. முப்பது வருஷம் ஆபீசில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தப் பாறையில் கொட்டியது. காக்கா குருவியெல்லாம் பறந்தன. தான் பொய் சொல்கிறவன் இல்லை என்றார். ஒற்றை ஷூவோடு ஒரு மனுஷன் நனைந்துபோய் ஏறி வருகிறான், அவனைக் கணக்கிலேயே எடுக்காத நீரெல்லாம் ஒரு தலைவரா என்று கேட்டார். "அவருக்கும் மூணாவது தடவையாம். வந்துண்டே இருக்கேன்னு உம்மகிட்ட சொல்லச் சொன்னார்."

"அப்படின்னா போயி அந்த ஆளக் கூட்டி..." என்று ஆரம்பித்த தாணுமாலையன் பாதியில் நின்றார்.

திறந்த வாய் மூடவில்லை. கையிலிருந்த டிபன் பாக்ஸ் நழுவிப் பாறையில் உருண்டது. டங்... டங்... டங்... கீழே எங்கேயோ போய் நின்றது.

"நான் ஏன் போகணும்? வேணும்னா நீர் போய்க் கூட்டிண்டு வாரும்" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

தாணுமாலையன் முகத்தில் ரத்தமே இல்லை. இறங்கலாம் என்று மட்டும் சொன்னார். சாப்பாட்டைக்கூட யாரும் முடிக்கவில்லை.

இறங்கும்போது தலைவர்தான் கடைசி. அதுவும் அவர் வைத்த சட்டம்தான். அவருக்கு முன்னால் வெங்கடகிருஷ்ணன்.

மூங்கில் வளைவு வந்தது.

தாணுமாலையனின் பூட்ஸ் சத்தம் தெரியும். திம், திம்.

அதற்கும் பின்னால்...

சரக்...

"போதும் வே" என்று தாணுமாலையன் முணுமுணுப்பது கேட்டது. யாரிடமோ. "போதும்... விட்டுரும் வே..."

வெங்கடகிருஷ்ணன் திரும்பவில்லை.

பிறகு பூட்ஸ் சத்தம் மட்டும் வந்தது.

பனியை விட்டு அடிவாரத்து டீக்கடைக்கு வந்த பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள். தாணுமாலையன் கழுத்தில் சிவப்புத் துண்டு. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அது அங்கே வந்தது அவருக்கே தெரியவில்லை. திரவியம் கை நீட்டிக் காட்டியதும் குனிந்து பார்த்தார். பிடித்து இழுத்தார். தொண்டைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சைப் பார்த்ததும் திரவியத்தின் முகம் வெளுத்தது. ஒருவர் மாற்றி ஒருவர் முயன்றும் அவிழ்க்க முடியவில்லை. கடைசியில் டீக்கடைக்காரர் கத்தியால் அறுத்தார்.



அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தாணுமாலையன் வரவில்லை. துண்டுச் சட்டம் ஒழிந்தது என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். மார்கழி ஏற்றத்தில் வெங்கடகிருஷ்ணனுக்கு இடம் கிடைத்தது. அவர் போகவில்லை. கோயிலைச் சுற்றி நாலு தெரு நடந்தார். பாகீரதிகூட அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றால் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தை பிறந்ததும் ஒரு நாள், திரவியத்தின் கடையில் போய் உட்கார்ந்து, அந்த முடிச்சைப் பார்த்ததும் உம் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று நேராகக் கேட்டார்.

"அது கயித்துக் கடைக்காரங்க போடுத முடிச்சு, சாமி."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஆரியசாலைக் கடைத்தெருவில் அழகியநம்பி என்று ஒரு கயிற்று வியாபாரி. சங்கத்தில் சேர்ந்து இரண்டு நடையில் துண்டு வாங்கியவர். கூனன்பாறைக்குப் போன அன்று மூன்றாவது. ஆனால் உச்சிக்கு வந்தபோது அவர் கழுத்தில் துண்டில்லை. பின்னால் வந்தவர் கழுத்தில் போட்டுவிட்டேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்படியானால் போய் அந்த ஆளைத் துண்டோடு கூட்டி வாரும் என்றார் தாணுமாலையன்.

அழகியநம்பி சாதுவான மனுஷர். கோபப்படத் தெரியாதவர். போனார். ஒரு வாரம் காட்டை அலசியதில் ஓடைக்கரையில் ஒரு இடது கால் ஷூ மட்டும் கிடைத்தது. இனி இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று சங்கத்தில் முடிவெடுத்தார்கள்.

வெங்கடகிருஷ்ணன் கொதித்துப்போய் எழுந்தார். நேரே தாணுமாலையன் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிடுவது என்று வலது கால் செருப்பை மாட்டினார். இடது காலை நீட்டும்போதுதான் ஒன்று தோன்றியது.

"அழகியநம்பி துண்டைப் போட்டாரே ஓய்... அவருக்குப் பின்னாடி வந்த ஆள் யாரு?"

திரவியம் அடுக்கிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"அதான் சாமி இன்னும் புரியல. அந்த ஆளுக்கும் ஒத்தக் கால்லதான் ஷூ இருந்துதுன்னு அழகியநம்பி சொன்னாரு."

வெங்கடகிருஷ்ணன் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். வலது காலில் செருப்பு, இடது கால் வெறுங்கால்.