கோட்டுக்குள் இருந்த துணி

அக்காவுக்குக் கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை என்று ஊரில் பேச்சு. பொய். இரண்டும் ஒரே கூர்மைதான். நான் அவள் தம்பி, எங்கள் தையற்கடையில் பொத்தான் வைப்பவன். இரண்டிடமும் வெட்டுப்பட்டிருக்கிறேன்.

நகரசபை உறுப்பினர்கள் ஏழு பேருக்கும் ஆறு வருடத்துக்கு முன் அப்பாதான் கோட்டு தைத்தார். இந்த வருடம் எடுத்துப் போட்டால் ஒருவருக்கும் பொத்தான் எட்டவில்லை. சும்மா இருப்பார்களா? ‘தையற்காரர் துணியைத் திருடிவிட்டார்’ என்று தீர்மானம் எழுதி, வெள்ளிக்கிழமை நிறைவேற்றப்போவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா கடைப்பக்கமே வரவில்லை.

“நீங்களே போய்ச் சொல்லலாமேப்பா,” என்றேன்.

“அவங்க இடுப்பளவ நான் வெளிய சொல்லலாமாடா?” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அக்கா சபைக்குப் போனாள். நானும் தைரியத்துக்குக் கூடவே போனேன். யாருடைய தைரியத்துக்கு என்று கேட்காதீர்கள்.

“உங்கப்பா திருடினதுக்கு இதாம்மா சாட்சி,” என்று தலைவர் கோட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்துக் காட்டினார். நடுவில் நான்கு விரல் அகலத்துக்குச் சட்டை தெரிந்தது.

“கழட்டிக் குடுங்க சார்.”

“எதுக்கு?”

“காணாமப்போன துணியத் தேடத்தான்.”

அக்கா பக்கத் தையலைப் பிரித்தாள். உள்ளே மடித்துத் தைத்திருந்த துணி, வெயில் படாத நிறத்தோடு வெளியே வந்தது.

“எல்லாருக்கும் உள்ள ஒரு இஞ்ச் விடுவாரு. உங்க ஏழு பேருக்கும் மூணு இஞ்ச். பதவிக்கு வந்தா சாப்பாடு நல்லா இருக்கும்னு அவருக்குத் தெரியும்.”

ஓர் உறுப்பினர் சிரித்துத் தொலைத்தார். மற்றவர்கள் மெதுவாகத் தங்கள் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் தீர்மானத்தைக் கிழித்துவிட்டு, “சரி, பிரிச்சுத் தைச்சுக் குடும்மா,” என்றார்.

“தைச்சவரு வீட்ல படுத்திருக்காரு. நீங்கதான் வந்து கூப்பிடணும்.”

பட்டப்பகலில் ஏழு பேரும் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் நடந்து வந்தார்கள். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு அன்று நடை கொஞ்சம் கூடுதலாகத்தான் நிமிர்ந்தது.

“தப்பா சொல்லிட்டோம். மனசுல வெச்சுக்காதீங்க,” என்றார் தலைவர்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவிடம் அளவு நாடாவை வாங்கித் தலைவரின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். தலைவர் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்.

“மூச்ச விடுங்க சார்,” என்றார் அப்பா தணிந்த குரலில். “நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்.”