பூண்டுத் தோட்டத்தில் என் குரல்

பூண்டு மூட்டையைப் பார்த்து வயிறெரிந்த மடையன் இந்தக் கொடைக்கானல் மலையில் ஒருவன் உண்டு என்றால், அது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் கேவலம்.

எங்களுடையது சின்னக் கிறிஸ்தவப் பாட்டு வானொலி. கீர்த்தனை, பாமாலை, பாடகர் குழுப் பாட்டு. நடுவில் நாங்கள் இரண்டு பேர் பேசுவோம். ஆலயத்து விறகு அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி ஆரம்பித்தது. முதல் நாள், முதல் குரல் என்னுடையது. உருகி உருகி வரவேற்புரை ஆற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், மைக்கை ஆன் செய்யவே இல்லை. அந்த உரையைக் கேட்டவை முட்டை அட்டைகள் மட்டுமே. இன்றுவரை அவை ஒரு குறையும் சொன்னதில்லை.

அப்புறம்தான் அவர் வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பத்துப் பெண், அட்டுவம்பட்டியில் வீடு. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் அவருடைய நிகழ்ச்சி. இரண்டு வார்த்தை பேசுவார், பாட்டைப் போட்டுவிடுவார். வந்த வேகத்தில் ஊர் அவரை 'ரேடியோ அக்கா' ஆக்கிவிட்டது. ஒரு பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னுரை வழங்கும் எனக்குக் கிடைத்த பட்டம், 'அந்தப் பேசுறவரு'. என் பேச்சைப் பதிவு செய்து விடியும்வரை திரும்பத் திரும்ப ஒலிபரப்புவார்கள். அதை நான் பெரிய கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நேயர்களிடம் ஒரு பழக்கம். மனசுக்குப் பிடித்துவிட்டால் போன் செய்து பாராட்ட மாட்டார்கள். விளைந்ததை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். கேரட், பேரிக்காய், பட்டர் புரூட், மலைப்பூண்டு. கண்டக்டர் இறக்கிப் போட்டுக் கத்துவார்: "ரேடியோ அக்காவுக்கு!" தூக்கி வருவது என் ஊழியம்.

"எடுத்துக்கோங்கண்ணே" என்பார் அக்கா.

"வேண்டாம்மா, பூண்டு எனக்கு ஒத்துக்காது" என்பேன். எங்கள் வீட்டில் பூண்டு ரசம் கொதிக்காத நாளே கிடையாது.

இந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு வானொலியின் வரலாற்றை ஒரு நிகழ்ச்சியாகச் செய்யச் சொன்னார் எங்கள் போதகர். எங்கள் இருவரைப் பற்றியும் ஆளுக்கு ஒரு நேயர் பேசிய பதிவு வேண்டும். "நேயர் கிடைக்கலேன்னா கவலப்படாதீங்க, நானே ரெண்டு வரி சொல்லிடறேன்" என்றார், என்னையே பார்த்துக்கொண்டு. அவருடைய இரண்டு வரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

அக்காவுக்குப் பேச நேயர்கள் வரிசையில் நின்றார்கள். நான் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, மேல்மலைக் கிராமம் ஒன்றுக்கு வெள்ளனே முதல் பஸ்ஸில் கிளம்பினேன். எப்படியும் ஒரு நேயரைப் பிடித்தே ஆக வேண்டும்.

இறங்கினால் ஒரே பனிமூட்டம். அதற்குள்ளிருந்து ஒரு குரல். எங்கேயோ கேட்ட குரல். என் குரல்! பூண்டுத் தோட்டத்து நடுவில், கம்பில் பாலிதீன் பை சுற்றித் தொங்கிய ரேடியோவில் நான் பேசிக்கொண்டிருந்தேன். எனக்குக் கால் தரையில் இல்லை. வரப்பில் வந்த தோட்டக்காரரைப் பிடித்து, நான் யார் என்று சொல்லி, செல்போனில் பதிவைத் தட்டினேன்.

"என் நிகழ்ச்சியத் தெனமும் கேப்பீங்களா?"

"ராத்திரி பூரா ஓடுதுங்க. ஒங்க கொரலு இல்லேன்னா எங்க பூண்டு வீடு வந்து சேராதுங்க."

கண் கலங்கிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது?

"எப்படிங்க?"

"காட்டுமாடு எறங்கி மிதிச்சிருதுங்க. வெடி போட்டோம், தகரத்தத் தட்டுனோம், அசையல. நீங்க பேச ஆரம்பிச்சா ஓடிப்போயிருது."

"பாட்டுக்கு ஓடாதா?"

"பாட்டுன்னா நின்னு கேக்குதுங்க. நல்லவேள, நீங்க வெரசாப் பாட்டுப் போட மாட்டீங்க."

திரும்பி வந்து பதிவில் முதல் இரண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டேன். விழாவன்று 'எங்க பூண்டு வீடு வந்து சேராதுங்க' ஒலித்தபோது போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா மனசாரக் கை தட்டினார். அவருக்கு ஏன் பொறாமையே வரமாட்டேன் என்கிறது என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது.

அடுத்த வாரம் அதே கிராமத்திலிருந்து ஒரு மூட்டைப் பூண்டு. கண்டக்டர் புது ஆள். "ரேடியோவுக்கு" என்று மட்டும் சொல்லி இறக்கினார். ஸ்டேஷன் பக்கமே போகவில்லை நான். ஆட்டோ பிடித்து நேரே வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவி முன்னால் இறக்கினேன்.

"யாருக்கு வந்ததுன்னு கேளு!"

"கேட்டுக்கிட்டே உரிக்கிறேன், தள்ளுங்க" என்றாள்.

ரசம் கொதித்து வாசனை வந்ததும், நன்றி சொல்லத் தோட்டக்காரருக்குப் போன் போட்டேன். என் குரல் காத்த பூண்டு, என் கைக்கே வந்து சேர்ந்தது, என்ன ஒரு பாசம் என்று என் வழக்கப்படி நீண்ட முன்னுரை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஓடிவிட்டாரோ என்று நிறுத்தினேன்.

"அது அக்காவுக்குங்க, கொண்டுபோய்க் குடுத்துருங்க."