இரண்டாவது பேட்டரி

கோட்டைச்சாமி ஓட்டியது ஒரு சோப்புக் கம்பெனியின் விளம்பர வேன். உள்ளே படுக்கக் கட்டில், சமைக்க அடுப்பு. மாதத்தில் பாதி நாள் அதுதான் அவன் வீடு. அதற்கு இரண்டு பேட்டரி: ஒன்று என்ஜினைக் கிளப்ப, மற்றொன்று மைக் செட்டுக்கும் விளக்குக்கும். நடுவில் ஒரு சுவிட்ச். வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற இரண்டையும் சேர்க்க வேண்டும். நின்றதும் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் மைக் இரண்டையும் உறிஞ்சித் தீர்த்துவிடும். ஒன்பது வருஷத்தில் அவன் பிரிக்க மறந்ததே இல்லை.

அன்றும் மறக்கவில்லை. 1967இல் ஒக்கூரில் தங்கை அழகியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீரை வேனிலேயே பாட்டோடு கொண்டுவந்து இறக்கினான். மத்தியானத்துக்குமேல் மைக் பேட்டரி இறங்கி, ரிக்கார்டு இழுத்து இழுத்துப் பாடியது.

"என்ன மச்சான், உங்க பாட்டு அழுகுது?" என்று தங்கை புருஷன் வீரையா பந்தலில் வைத்துச் சிரித்தான்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நின்ற வண்டியில், தெரிந்தே, இரண்டையும் சேர்த்துவிட்டான். பாட்டு ஊரைத் தூக்கியது.

பொழுது சாயும் நேரம், விருந்தாளிகளின் மாடுகளுக்கு வைக்கோல் பிடுங்கப் போன வீரையாவைப் பாம்பு கடித்தது. தூக்கி வந்து வேனில் போட்டார்கள். சாவியைத் திருப்பினால் என்ஜின் முனகக்கூட இல்லை. ஊரே சேர்ந்து தள்ளியும் மணலில் சக்கரம் புதைந்ததுதான் மிச்சம். மாட்டு வண்டி பூட்டிப் போனார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

"வண்டி பழசுண்ணே. நீங்க என்ன செய்வீக?" என்றாள் அழகி. சுவிட்சைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். சொல்லாமலே, மணலில் புதைந்த சக்கரத்தைத் தோண்டப் போனான்.

ஏழு வருஷம் கழித்து, அதே மகளின் சடங்குக்குச் சீர்த்தட்டுகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். அழகி அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மைக் கொண்டாரலையாண்ணே? அவுகளுக்கு நீங்க போட்ட பாட்டுன்னா அம்புட்டு உசிரு."