லிங்கம்மாள் ஏறாத கார்

அருப்புக்கோட்டையில் அந்தக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. எட்டு சிலிண்டர், அமெரிக்காவில் செய்தது, ஒரு காலத்தில் ஜமீன் வீட்டு வாசலில் நின்றது. ஜமீன் நொடித்த பிறகு நாலைந்து கை மாறி, அறுபத்திரண்டாம் வருஷம் சௌடையாவிடம் வந்து சேர்ந்தது. தறியே கதி என்று கிடந்த குடும்பத்தில், தறிக்குழியை விட்டு எழுந்து டாக்ஸி ஓட்டப்போன முதல் ஆள் அவர்தான். வீட்டுக்குள் கன்னடம், கார் சமாச்சாரம் மட்டும் தமிழ். இன்ஜின் நன்றாகத்தான் இழுக்கும். அடிப்பாகம்தான் மகா மோசம். ஒரு மேடு ஏறி இறங்கினால் மூன்று தடவை குதிக்கும். வளைவில் திருப்பினால் ஒரே பக்கமாகச் சாய்ந்து, உள்ளே இருப்பவர்களை ஒருவர் மடியில் ஒருவரைத் தள்ளும்.

மறு வருஷக் கோடையில், ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்த மனைவி லிங்கம்மாளை நரிக்குடியில் அவள் தாய்வீட்டுக்கு அந்தக் காரில் கூட்டிப்போனார். திருச்சுழி தாண்டியதும் முன்னால் ஒரு பஸ். அது கிளப்பிய புழுதி முழுவதும் இவர்கள் முகத்தில் அப்பியது. சௌடையா பஸ்ஸை முந்தினார். முந்திய வேகத்திலேயே கண்மாய்க்கரை வளைவு வந்தது. கார் சாய்ந்தது. பின்பக்கம் பள்ளத்தில் விழுந்து தூக்கி அடித்தது. லிங்கம்மாள் கதவில் போய் மோதினாள். மறுநாள் கரு கலைந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை.

அவள் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்தாள், அவ்வளவுதான். பிறகு கோயிலுக்கு நடந்து போனாள், கல்யாணம் காட்சிக்குப் பஸ்ஸில் போனாள். டாக்ஸிக்காரன் பெண்டாட்டி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாளே என்று தெரு சிரித்தது. தெருவுக்கென்ன, சிரிக்கும். சௌடையாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. இந்தக் காரின் ஆட்டத்தை அடக்க வேண்டும், லிங்கம்மாளை அதில் உட்காரவைத்து நரிக்குடிக்குப் போய்வர வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லாமல் போனது.

புதுச் சாமான் மதராஸில் கிடைக்கும் என்றார்கள். வாங்க வக்கில்லை. லாரிப் பட்டறை இருளப்பசாமியின் பேச்சைக் கேட்டு, பழைய லாரியின் ஸ்பிரிங் வில்பட்டை இரண்டைப் பின்பக்கம் சேர்த்துக் கட்டினார். கார் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கல்யாணக் கோஷ்டி பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து ஏறினால் சொகுசாகப் போகும். ஒற்றை ஆள் ஏறினால் கூரையில் தலை முட்டும். இது லிங்கம்மாளுக்கு ஆகாது என்று ஒரே வாரத்தில் கழற்றிப்போட்டார். இரும்பு மூட்டுகளுக்கு இடையில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்களுக்குப் பதிலாக லாரி டயரை அறுத்து, ராவி ராவிப் பொருத்தினார். எண்ணெய் வற்றிய ஷாக் அப்சார்பருக்குள் விளக்கெண்ணெயைக் கலந்து ஊற்றினார்.

"என்னப்பா, பிள்ளைக்கு வயித்தக் கழுவுற எண்ணெயப் போயி காருக்கு ஊத்துற?" என்று சிரித்தார் இருளப்பசாமி.

"கழுவுறதுக்கு எம் வீட்டுல பிள்ளை எங்கண்ணே இருக்கு?"

இருளப்பசாமி எண்ணெய் டின்னைத் தன் கையில் வாங்கிச் சாய்த்துப் பிடித்தார்.

குதிப்பு அடங்கியது. ஆனால் கார் இடது பக்கமே இழுத்தது. முன் சக்கரம் ஒன்று கிழக்கே பார்த்தால் மற்றது வடகிழக்கே பார்த்தது. நெசவுக்காரர் அல்லவா, பாவு நூலை முறுக்கிப் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரைக்கும் இழுத்துக் கட்டி, நூல் பிடித்தபடி நேராக்கினார். ஆள் ஏறியதும் பழையபடி கோணிக்கொண்டது. பல நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது. தறியில் இழுப்புக் கொடுக்காத பாவு கோணலா நேரா என்று யாரால் சொல்ல முடியும்? காரிலும் பாரம் ஏற்றி வைத்துக்கொண்டுதான் நூல் கட்ட வேண்டும்.

பாரத்துக்கு மனுசர் வேண்டுமே. சவாரி இல்லாத நாட்களில் சொந்தபந்தங்களைக் கூப்பிட்டு நிற்கிற காரில் உட்காரவைத்தார். முதல் நாள் அவர் தங்கை பஞ்சம்மாள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்து ஏறினாள்.

"எந்தக் கோயிலுக்குண்ணே?"

"எங்கயும் இல்ல. சும்மா உக்காரு."

"பூ வாங்குன துட்டு தெண்டமா?" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

லிங்கம்மாளும் வந்து உட்கார்ந்தாள். ஓடாத கார் என்பதால் மறுக்கவில்லை. பின் சீட்டில் முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்குவாள். அவளுக்கு நேர்கீழே சௌடையா மல்லாந்து கிடந்து போல்ட்டைத் திருகுவார்.

"ஆடாம இரு லிங்கம்மா."

"நான் எங்க ஆடுனேன்?"

வருஷக்கணக்காக இப்படியே போயிற்று. எழுபது பிறக்கும்போது அந்தக் கார் ரோட்டில் ஒட்டிக்கொண்டு போகும் என்று மதுரை டாக்ஸிக்காரர்களே வந்து குனிந்து பார்த்தார்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் சௌடையா, "ஒரு நடை நரிக்குடிக்குப் போயிட்டு வருவமா?" என்பார். "இன்னொரு நாளைக்குப் பாப்பம்" என்பாள் அவள். இன்னும் எங்கேயோ குறை இருக்கிறது போல என்று, அலுத்துச் சலித்து மறுபடியும் காருக்கடியில் போய்ப் படுத்துவிடுவார். முதுகு போனது. முழங்கை காய்த்துப்போனது.

எழுபத்துநாலில் பெட்ரோல் விலை எகிறியது. எட்டு சிலிண்டருக்கு ஊற்றிக் கட்டுபடியாகவில்லை. விருதுநகர்க்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். "எனக்கு இன்ஜின் மட்டும் போதும். அடிப்பாகத்தப் பழைய இரும்புக்குப் போட்டுக்குவேன்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். சௌடையா சரி என்று தலையை ஆட்டினார்.

காரை ஒப்படைப்பதற்கு முந்தின நாள் லிங்கம்மாள் சேலை மாற்றிக்கொண்டு வந்து, தானாகவே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"கெளம்புங்க, எங்கம்மாவப் பாத்துட்டு வருவம். வர்றோம்னு சொல்லிவிட்டிருக்கேன்."

சௌடையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காரை எடுத்தார். திருச்சுழி தாண்டும் வரைக்கும் ஒவ்வொரு மேட்டையும் அவள் முகத்தில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கண்மாய்க்கரை வளைவு வந்தது. தன் வேலைப்பாட்டை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆக்ஸிலேட்டரை அழுத்தி, அதே வேகத்தில் திருப்பினார். கார் துளிகூடச் சாயவில்லை.

"பாத்தியா லிங்கம்மா, ஆட்டம் இருக்கா?"

அவள் இரண்டு கையாலும் கதவை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அன்னைக்கும் மெதுவாப் போங்கன்னுதான் சொன்னேன்" என்றாள். "ரெண்டு தடவ சொன்னேன். நீங்க பஸ்ஸ முந்துறதுலயே இருந்தீக."

சௌடையாவின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. கார் கரையோரம் நின்றது.

"அப்ப காரு?"

"காரு என்ன செய்யும்? காரு மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல."

"இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லலையே நீ."

"சொன்னா தாங்கியிருப்பீகளா? கழட்டி மாட்டுறதுலயாவது ஒங்க மனசு ஆறட்டும்னு விட்டுட்டேன்."

ஸ்டீயரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு சௌடையா அழுதார். லிங்கம்மாள் அவரைத் தேற்றவில்லை, வையவும் இல்லை. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் துண்டால் துடைத்த பிறகு, "சரி, எடுங்க. அம்மா காத்துக்கிட்டிருப்பாக" என்றாள்.

அங்கிருந்து நரிக்குடி வரைக்கும் சைக்கிளில் போனவர்கள்கூட அவர்களை முந்திக்கொண்டு போனார்கள்.