தீச்சட்டி ஏந்திய விரல்கள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு அம்மா விரதம் இருந்தபோது நடந்தது இது. நான் உத்தமபாளையத்தில் நுண்ணுயிரியல் படித்து முடித்து, எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று நோண்டிக்கொண்டிருந்த நேரம்.

அம்மாவுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் வியாதி. அதை அடக்க மாத்திரை கொடுத்தார்கள். படபடப்பு நின்றது, ஆனால் கொஞ்ச நாளில் விரல் மூட்டெல்லாம் வீங்கிக்கொண்டது. எங்கள் திராட்சைப் பந்தலில் கொத்துக் கத்தரிக்கக் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. தோட்ட வேலைதான் காரணம் என்றார்கள் எல்லாரும்.

திருவிழா அன்று அதே விரல்களால் தீச்சட்டி ஏந்தி நடந்தாள். வீக்கமே இல்லை. ஆத்தா இறக்கி வைத்துவிட்டாள் என்று அம்மா சொன்னபோது எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் மண்டைக்குள் ஒன்று குடைந்தது. விரதத்தில் சோறு கறி தவிர வேறென்ன நின்றது?

கேட்டேன். மாத்திரையும்தானாம்! விரதம் தொடங்கிய அன்றே எடுத்து ஓரமாக வைத்திருக்கிறாள்.

உடனே செல்லில் தேடினேன். அந்த வகை மாத்திரையே அபூர்வமாகச் சிலருக்கு, உடம்பின் காவல் படையைச் சொந்த மூட்டுகள் மேலேயே ஏவிவிடலாம் என்று இருந்தது. கண்டுபிடித்துவிட்ட துள்ளலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அம்மா நீட்டிய காபி டம்ளர் தடதடவென ஆடியது. கழுத்து நரம்பு துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது; மாத்திரை நின்றதில் பழைய படபடப்பு திரும்பிவிட்டது.

மறுநாளே தேனிக்கு ஓடினோம். நான் சொன்னதை டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"மாத்திரையாவும் இருக்கலாம். ஆனா இவங்க தைராய்டு வியாதியே உடம்பு தன்னைத்தானே தாக்குறதுதான். அதே மாதிரி இன்னொண்ணு மூட்டுல கிளம்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எதுவா இருந்தாலும், நீங்களா நிறுத்தினது ஆபத்து."

ரத்தம் எடுத்தார்கள். இதயத் துடிப்பை அடக்க வேறு மருந்து தந்து, பிறகு சிகிச்சையையே மாற்றினார்கள். மூட்டு வலி திரும்ப வரவில்லை. அப்படியென்றால் மாத்திரைதானே என்று விடாமல் கேட்டேன். 'பெரும்பாலும்' என்றதோடு டாக்டர் நிறுத்திக்கொண்டார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அம்மா சிரித்தாள். "மாத்திரைய நிப்பாட்டச் சொன்னதே ஆத்தாதானடி. அவளுக்கு ஒன்னயவிட வெவரம் கூட."

"அப்ப படபடப்பையும் அவதான் குடுத்தாளா?"

"பெறகு? ஒன்னய டாக்டர்கிட்ட யாரு கெளப்புறது?"

இன்றும் எதையாவது கண்டுபிடித்துவிட்டதாக மனசு துள்ளும்போதெல்லாம், அம்மா கையில் ஆடிய அந்த டம்ளர் கண்முன் வந்து, இன்னும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயைத் திற என்கிறது.