குவிந்த கூரையும் தலைவரின் முணுமுணுப்பும்

புது வீடு பார்க்கப் போனால் மற்றவர்கள் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். அவள் நடுக்கூடத்தில் நின்று பட்டென்று ஒருமுறை கைதட்டி, எதிரொலிக்குக் காது கொடுப்பாள். புகுந்த வீட்டில் அவளுக்குப் பெயரே கைதட்டி. "இதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று மாமியார் இருபது வருஷமாகக் கேட்கிறார். பதிலுக்குக் காத்திருந்ததில்லை.

இன்னும் கட்டாத மண்டபத்தைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, அங்கே பேச்சு எப்படிக் கேட்கும் என்று சொல்வது அவள் வேலை. அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது முதலாளியின் வேலை.

அந்த முதலாளி, கட்டடக்கலைஞர், நகரசபைக்கு ஒரு கூட்ட மண்டபம் வரைந்திருந்தார். பளிங்குத் தரை, கண்ணாடிச் சுவர், கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரை. கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். ஒரு சொல் அடங்க நான்கு நொடி பிடித்தது. அதற்குள் அடுத்த ஏழெட்டுச் சொற்கள் அதன்மேல் ஏறி மிதித்தன.

"சார், இதுல பேசினா ஒண்ணும் புரியாது."

"கம்ப்யூட்டருக்கு அழகு தெரியுமாம்மா?"

வரைபடம் பார்க்க நகரசபைத் தலைவர் வந்தார். அவருடைய பழைய உரையை அந்த மண்டபத்தில் பேசியது போல மாற்றி, ஹெட்போனை மாட்டிவிட்டாள். தலைவர் கண்களை மூடிக்கொண்டார்.

"அடேயப்பா, என் குரலா இது? வானத்துலேர்ந்து வர்ற மாதிரி இருக்கு!"

"என்ன பேசுறீங்கன்னு புரியுதா சார்?"

"அது எதுக்கும்மா?"

முதலாளி வாயெல்லாம் பல்லாக நின்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னொண்ணு கேளுங்க சார். இப்ப நீங்க கடைசி வரிசையில உக்காந்திருக்கீங்க. மேடையில தலைவர் நாற்காலியிலிருந்து ஒருத்தர் முணுமுணுக்கிறார்."

அலுவலக எழுத்தரைப் பேச வைத்து அவள் பதிவு செய்திருந்த குரல், கிண்ணக் கூரையில் பட்டு அந்த ஒரே இடத்தில் குவிந்து, தெளிவாகத் தலைவரின் காதோரம் இறங்கியது: "இந்த மனுக்காரனை எப்படியாவது கிளப்பி விடுய்யா."

தலைவர் ஹெட்போனைக் கழற்றினார். "இது எல்லாருக்கும் கேக்குமா?"

"இல்ல சார். கடைசி வரிசைக்கு மட்டும்தான். பத்திரிகைக்காரங்க இடம்."

மறுவாரமே வரைபடத்தில் கூரை தட்டையானது. சுவரெங்கும் ஒலி உறிஞ்சும் பலகைகள் வந்தன. மண்டபம் கட்டி முடித்து நடந்த திறப்பு விழாவில் தலைவர் முதலாளியின் தொலைநோக்கை வானளாவப் புகழ்ந்தார். அவளைப் பற்றி மூச்சு விடவில்லை என்பதும் தெளிவாகவே கேட்டது. முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சில் விஷயம் ஒன்றுமில்லை என்று ஊருக்கே அன்றுதான் புரிந்தது.

பக்கத்தில் கணவர் கொட்டாவி விட்டார். "இதுக்கு உன் எதிரொலியே தேவலை."

"ஒரு எழுத்து விடாம கேக்குதுல்ல?" என்றாள் அவள், பெருமையை மறைக்கத் தெரியாமல்.